வளர்த்தவர்களுக்கும் ஒரு விசா

என் அருமை மகள் சில்வண்டுக்கு,

உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் நலம், என் முழங்கால் வலி என்னைவிட நலம், பட்டறையில் கருகிப்போய் வந்து கிடக்கும் மோட்டார்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீயும், நீ நாள் முழுக்க எக்ஸ்ரே படம் பிடித்துத் தள்ளும் எலும்புகளும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் சித்தி பிடுங்கிக்கொள்கிறாள், அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவதைவிட இழந்த ராஜ்யத்தைத் திரும்ப வாங்குவது சுலபம். அதோடு நீ கேட்டிருப்பது குடியுரிமை விஷயம். அரசர்களுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தை. எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய நீளமான செய்தியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். பட்டறையில் என் கூட்டாளியாக இருக்கும் பேரிங்காருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர், "என்னண்ணே, ஒரு ஊர்ல குடியிருக்க இத்தனை தினுசா?" என்று வாயைப் பிளந்தார். அவருக்குப் புரியும்படி நான் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். நீ முதலில் வைத்திருந்த வேலை விசா, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர். கரண்ட் வரும், ஆனால் ஆஸ்பத்திரிக்காரன் ஒருநாள் முகத்தைச் சுளித்து வேலையை விட்டு அனுப்பினால் வயர் கழன்றுவிடும், நீயும் பெட்டியைக் கட்ட வேண்டும். இப்போது கையில் இருக்கும் நிரந்தரக் குடியிருப்பு, ஒழுங்காகப் பற்றவைத்த வயர். வேலை மாறலாம், வீடு வாங்கலாம், ஒருவனும் பிடுங்க முடியாது, ஆனால் நாட்டைவிட்டு ரொம்ப நாள் வெளியே தங்கினால் அட்டை கெட்டுவிடும், ஓட்டும் கிடையாது. மூன்றாவது குடியுரிமை. அது உன் பெயரிலேயே ஒரு மின் இணைப்பு. ஆனால் அந்த இணைப்பு வேண்டுமென்றால் பழையதைத் துண்டித்துக்கொள் என்கிறார்கள், அதாவது இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேரிங்கார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு, மூணாவதுதானே கெத்து?" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. நீ எழுதியிருந்தாயே, இந்தப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அச்சடித்திருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் அப்பாவையே கொடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது, அதனால் விண்ணப்பம் போடாமல் நிரந்தரக் குடியிருப்பிலேயே இருந்துவிடுகிறேன் என்று. அந்த வரியை மட்டும் நான் உரக்கப் படிக்கவில்லை.

இந்த மாதம் முடிவதற்குள் நீ அங்கே பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இங்கே போன வாரம் நடந்த யுத்தத்தைக் கேள். நீ வரச்சொல்லியிருந்தபடி நானும் சித்தியும் சுற்றுலா விசாவுக்கு நேர்காணல் போனோம். என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கோட்டு மாறவில்லை, உள்ளே இருக்கும் ஆள்தான் மூன்று மடங்காகிவிட்டான். பஸ்ஸிலேயே உன் சித்தி எனக்குச் சட்டம் போட்டுவிட்டாள்: "இதோ பாருங்க, அங்க வந்து அளக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். உள்ளதை உள்ளபடி சொல்லணும், ஒரு சொட்டு கூடக்கூடாது." வாசலில் காவலாளி என் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கி ஒரு தட்டில் போட்டுவிட்டார். தோற்ற தளபதி வாளைக் கொடுத்த மாதிரி உள்ளே போனேன். தரையோடு திருகி வைத்த நாற்காலிகள், குளிரூட்டியோ துருவக் கரடிகளுக்காக வைத்தது. முதலில் கைரேகை. பத்து விரலையும் அழுத்தச் சொன்னார்கள், மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. இத்தனை வருஷமாகச் செம்புக் கம்பி உருவி உருவி, வார்னிஷில் தோய்ந்து தோய்ந்து ரேகை எல்லாம் தேய்ந்துவிட்டதாம். அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, "அங்கிள், உங்க விரல்ல ஒண்ணுமே இல்லையே" என்று அழாத குறை. நான் நினைத்திருந்தால் உலகத்தின் எல்லா வங்கிகளையும் கொள்ளையடித்திருக்கலாம், ஒருவனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, இது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் அங்கே விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தியைக் கண்ணாடி ஜன்னலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்து நான். அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றார். என் நாக்கு துடித்தது, மகளே. நீ அங்கே எலும்பு மகாராணி, உன்னால்தான் அந்த நாட்டு ஜனங்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள் என்று தொடங்கி அரைமணி நேரம் பேச என்னிடம் சரக்கு இருந்தது. ஆனால் சித்தி போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. ஆயுளில் முதல் முறையாக ஒரு சொட்டும் கூட்டாமல், "என் அண்ணன் மகள் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மனைவி, தன் மகள்னு சொன்னாங்க. நீங்க அண்ணன் மகள்ங்கறீங்க. ரெண்டுல எது நிஜம்?" ரெண்டும் நிஜம் என்றேன். "அது எப்படிங்க ரெண்டும் நிஜமாகும்?" என்றார். எங்க வீட்டில் அப்படித்தான் என்றேன். அவர் சித்தியைத் திரும்பக் கூப்பிட்டு, நீங்க பெத்த மகளா என்று கேட்டார். இல்லைங்க என்றாள். "அப்ப ஏன் மகள்னு சொன்னீங்க?" உன் சித்தி கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல், "வேற என்னன்னு சொல்றதுங்க?" என்றாள்.

விசா கிடைக்கவில்லை. உறவு தெளிவாக இல்லை என்று ஒரு தாளில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். பொய் மூட்டையாகிய நான் உண்மையை மட்டும் பேசி, பொய்யே பேசாத அவள் மனசிலிருப்பதைப் பேசி, இரண்டு பேருமாகச் சேர்ந்து கப்பலைக் கவிழ்த்தோம். நான் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன், டெஸ்டரைத் திரும்ப வாங்கும்போது காவலாளியிடம், உங்கள் நாட்டுக்கு இன்னும் நல்ல காலம் பிறக்கவில்லை என்றுகூடச் சொன்னேன். ஆனால் பஸ் நிறுத்தத்தில் உன் சித்தி, "நான் பொய்யாங்க சொல்லிட்டேன்?" என்று கேட்டாள். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் விசா ஏஜென்டிடம் போனோம். சுவரில் உலக வரைபடம், நாட்டுக்கு நாடு குண்டூசி, உறை பிரிக்காத சோபா, உட்கார்ந்தால் சரக் சரக் என்று நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. அவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, இது ஒரு விஷயமே இல்லை என்றார். "சார், பொண்ணு கையில நிரந்தரக் குடியிருப்பு இருக்குல்ல? பெத்தவங்களை நேராவே கூப்பிட்டுக்கலாம். என்ன, பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேருக்கு உங்க பேரு, அம்மா பேருக்கு மேடம் பேரு. நம்ம ஆள் இருக்காரு. நீங்களே பெத்தவங்க ஆயிடுவீங்க." உன்னிடம் மறைப்பானேன், டீ ஆறும் நேரத்துக்கு எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில் சித்தி கேட்ட கேள்விக்குப் பதில் ரெடியாகக் கிடைக்கிறதே. பிறகு கேட்டேன்: "தம்பி, அப்ப என் அண்ணனை எங்க வைப்பீங்க?" அவர் சாதாரணமாக, "அவருதான் இல்லையே சார்" என்றார். நான் எழுவதற்கு முன்னால் உன் சித்தி எழுந்துவிட்டாள். "வாங்க போகலாம். அவளுக்கு அப்பா அம்மா இருந்தாங்க" என்றாள். படியிறங்கும்போது அந்த ஆள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே பின்னால் வந்தார். நான் அளப்பேன் கண்ணு, மறுக்கவில்லை. எலியை யானையாக்குவேன். ஆனால் இருந்த மனுஷனை இல்லையென்று சொல்ல என்னால் ஆகாது. அதுவும் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவனை.

அன்று சாயங்காலம் உன் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நீ ஓரமாக, சும்மா தகவலுக்கு என்று ஒன்றை எழுதியிருந்தாய். நிரந்தரக் குடியிருப்புக்காரர் போடும் அழைப்பு விண்ணப்பத்தில் பெற்றோர் என்று ஒரே ஒரு கட்டம். குடிமக்கள் போடும் விண்ணப்பத்தில் பெற்றோருக்கு ஒரு கட்டம், சிறுவயதிலிருந்து வளர்த்தவர்களுக்கு இன்னொரு கட்டம், தக்க சான்று காட்டினால் அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம். இதை எப்படியம்மா ஓரத்தில் எழுதினாய்? நான் பார்த்த நிமிஷமே கத்தினேன், மூன்றாவது தெருவில் தொட்டில் குழந்தைகள் விழித்திருக்கும். சித்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, கழுத்தில் அளவு டேப் தொங்க நின்று படித்தாள். யூனிபார்ம் சீசன், தலைக்குமேல் வேலை, ஆனாலும் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

ஆகவே உன் சித்தப்பனின் தீர்ப்பு: குடியுரிமையை எடு. நாங்கள் அங்கேயே வந்து குந்திக்கொள்வோமா என்பது வேறு கதை, பட்டறையைப் பேரிங்கார் பார்த்துக்கொள்வார், சித்தியின் கத்தரிக்கோலைத்தான் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. வருவதும் வராததும் எங்கள் இஷ்டமாக இருக்க வேண்டும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் இஷ்டமாக இருக்கக்கூடாது. இந்த வீட்டுக்கு வர உனக்கு விசா வேண்டியிருக்குமே என்ற கவலை வேண்டாம். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நானே நேரில் போய் விசாரித்துவிட்டேன், முன்னாள் குடிமக்களுக்கு ஆயுள் முழுக்க வந்துபோக ஓர் அட்டை தருகிறார்கள், ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். இங்கே தேர்தலில் நிற்பவர்களைப் பார்த்தால் அது நஷ்டமாகவும் தெரியவில்லை.

சான்றுக்கு உன் பள்ளிக்கூடச் சேர்க்கைத் தாள், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றிலும் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, நகல் வைத்திருக்கிறேன். வளர்த்தவர்கள் எழுதும் வாக்குமூலமும் வேண்டும் என்றிருந்தாய். நான் நான்கு பக்கம் எழுதினேன். நீ பேசிப் பேசிச் சுவர்களுக்கே காது வலித்தது, ஒரு காய்ச்சலில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வேகத்தில் சாலை தேய்ந்துபோனது, இப்படியெல்லாம். சித்தி தையல் சாக்கட்டியை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தாள். கடைசியில் மிஞ்சியது இது: "பெற்றவர்கள் ஒரே விபத்தில் இறந்தபின் ஆறு வயதில் எங்களிடம் வந்தாள். அன்றிலிருந்து எங்கள் மகள்." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நேர்காணலில் இனிமேல் யார் எதைச் சொல்வது என்று சண்டையும் இல்லை.

விண்ணப்பம் எழுதும்போது பெற்றோர் கட்டத்தில் உன் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் முழுசாக எழுது, சுருக்காதே. அதற்குக் கீழே இருக்கிற கட்டத்தில் எங்களை எழுது. என் அண்ணனும் நானும் ஒரே தாளில் அடுத்தடுத்து உட்கார இடம் இருக்கிற விண்ணப்பம் அது ஒன்றுதான், அதனால்தான் எடு என்கிறேன்.

நீண்ட ஆயுளும், குறையாத பேச்சும், கோணாத முதுகெலும்பும் பெற்று வாழ்க. குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் அன்று வெறும் வயிற்றோடு போகாதே, நடுவில் சிரித்தும் தொலைக்காதே. படம் எடுத்து அனுப்பு, முதலில் சித்தி போனுக்கு.

இப்படிக்கு,
கைரேகையற்ற மாமன்னன், எரிந்த மோட்டார்களின் ரட்சகன்,
உன் சித்தப்பா
(பக்கத்தில் நின்று தலையாட்டும் சித்தியும்)