இடம் மாறிய இரண்டு குழாய்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற சின்ன உயிரும் எப்படி இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்டால் மனசு ஆறும். போனில் கேட்டால் ம் என்கிறாய், சரிப்பா என்கிறாய், அப்புறம் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். வாயாடி என்று கூப்பிட்டு வளர்த்த பெண்ணிடம் ஒரு வார்த்தை பிடுங்க இந்தப் பாடு படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஸ்கூல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஏற்றும்வரை வண்டிக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. முன்பெல்லாம் இடையில் வீட்டுக்குப் போய் உன் அம்மா போட்டதைச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு வருவேன். இப்போது போவதில்லை. காலையில் மேஜையில் வைத்த டம்ளர் மத்தியானம் போனாலும் வைத்த இடத்திலேயே இருக்கிறது, செருப்பு கழற்றிய மாதிரியே கிடக்கிறது. அவள் இருந்தவரை எதை வைத்தாலும் அந்த இடத்தில் இருக்காது, என் மூக்குக்கண்ணாடியைத் தேடியே பாதி ஆயுசு போனது, அதற்கு எத்தனை சண்டை போட்டிருப்பேன். இப்போது எதுவும் தொலைவதில்லை, எனக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா, டிவியப் போட்டு விடுங்கண்ணே, பேச்சுச் சத்தமாவது இருக்கும் என்றார். போடுகிறேன். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாசிக்கிற பெண்ணுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கூப்பிட்டாயே, குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்புகிற இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறி முளைத்திருக்கிறதாம் என்று, உடம்புக்குப் போக வேண்டியது வலது பக்கத்திலும் நுரையீரலுக்குப் போக வேண்டியது இடது பக்கத்திலும் இருக்கிறதாம், பிறந்த கையோடு ஆபரேஷன் செய்து மாற்றி வைக்க வேண்டுமாம் என்று. அதைக்கூட நீ பாடம் ஒப்பிக்கிற மாதிரி தெளிவாகத்தான் சொன்னாய். கடைசியில் போனை வைக்கப் போகும்போது, அம்மா சாவுக்கு வந்தேன்ல, அப்பதான்ப்பா இதயம் உருவாகுற நேரமாம் என்று சொல்லிவிட்டு அழுதாய். நல்லா சாப்பிடும்மா என்று ஏதோ உளறிவிட்டு வைத்தேன். அன்றிலிருந்து அது என்னைப் போட்டுக் குடைகிறது. உன்னை வரவழைத்தவன் நான்தானே. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, ஒரு நடை வந்துட்டுப் போ என்று போனில் சொன்னபோது அவள் போய்விட்டிருந்தாள். பயணம் வருகிறவர்களிடம் சாவைச் சொல்லாமல் மறைப்பது நம் வீட்டில் எல்லாரும் செய்கிற வேலை. நீயும் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பி அத்தனை தூரம் பறந்து வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். வெறும் தரையில் படுத்தாய், சோறு தண்ணீர் தொடவில்லை, உன் வயிற்றில் ஒன்று இருப்பது உனக்கே அப்போது தெரியாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டி ஒரு நாள் ஒரு நிறுத்தத்தையே தாண்டிவிட்டேன், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தின பிறகுதான் சுய நினைவு வந்தது.

யாரிடமும் சொல்லாதீங்க என்று நீ சொல்லியிருந்தாய். ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் பஸ்ஸில் வருகிற ஒரு குட்டிப் பெண்ணின் அம்மா குழந்தைகளுக்கான இதய டாக்டர், சாயங்காலம் தெருமுனையில் நின்று மகளைக் கூட்டிப் போவார். அவரிடம் கேட்டேன். கடைசி நிறுத்தம் அது, அவசரமில்லை. அவர் படியேறி வந்து, பஸ்ஸின் அழுக்குக் கண்ணாடியில் விரலால் வரைந்து காட்டினார். முதலில் எல்லாருக்கும் இதயம் ஒரே ஒரு குழாய்தானாம், அதுதான் துடிக்க ஆரம்பிக்கிறதாம், அப்புறம் அது வளைந்து அறை அறையாகப் பிரிகிறதாம். மேலே கிளம்புகிற குழாய்க்கு நடுவில் ஒரு சுவர் எழும்பி அதை இரண்டாக்குமாம், அந்தச் சுவர் முறுக்கிக்கொண்டே எழும்ப வேண்டுமாம். நம் குழந்தைக்கு அது முறுக்காமல் நேராக எழும்பிவிட்டது, அதனால் இரண்டும் குறுக்கே போகாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு வேண்டியது உன் இரத்தத்திலிருந்தே போய்விடுகிறது, இரண்டு பக்கத்து இரத்தமும் கலக்கச் சின்ன வழிகளும் திறந்திருக்கின்றன, அதனால் உள்ளே அது சௌகரியமாகத்தான் இருக்கிறதாம். பிறந்த பிறகு அந்த வழிகள் மூடத் தொடங்கும், மூடாமல் இருக்க மருந்து ஏற்றுவார்கள், அப்புறம் ஆபரேஷன். பெரும்பாலான குழந்தைகள் நன்றாக ஓடியாடி வளர்கிறார்கள் என்றார். பயமில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. மறுநாள் பார்த்தால் அந்தப் படத்துக்குக் கண்ணும் மீசையும் வைத்துவிட்டிருக்கிறார்கள் என் பஸ் ரவுடிகள், அதைப் பார்த்து ரொம்ப நாளைக்குப் பிறகு தனியாகவே சிரித்தேன்.

கடைசியாக அந்தக் கேள்வியையும் கேட்டேன். அம்மா செத்ததுக்கு வந்து அழுது பட்டினி கிடந்தா இப்படி ஆகுமா டாக்டர் என்று கேட்டபோது அவர் என்னை உட்காரச் சொன்னார். அந்த வாரங்கள்லதான் எல்லாக் குழந்தைக்கும் இதயம் உருவாகுது, அந்த வாரங்கள்ல எத்தனையோ பொண்ணுங்க அழறாங்க, மூட்டை தூக்கறாங்க, பயணம் போறாங்க, அழுகையெல்லாம் குழாயைத் திருப்பாது, ஏன் இப்படி ஆச்சுன்னு பெரும்பாலும் எங்களுக்கே தெரியாது, ஆனா உங்க பொண்ணு இல்ல காரணம், நீங்களும் இல்ல என்றார். நீங்களும் என்று அவர் ஏன் சேர்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை, நான் கேட்கவே இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்ல இத்தனை பக்கம் ஆகியிருக்காது, உன் தலையில் ஒரு தட்டுத் தட்டி முடித்திருப்பாள். நீ வந்ததுதான் சரி. நீ வராமல் இருந்திருந்தால் அவளை அனுப்பிவிட்டு நான் அந்த வீட்டுக்குள் தனியாக நுழைந்திருக்கவே மாட்டேன்.

இனி ஒன்றே ஒன்று. நீங்க வர வேண்டாம்ப்பா, அலைச்சல், பாஷை தெரியாது, அவருக்கு லீவு கிடைக்கும் என்கிறாய். மாப்பிள்ளை தங்கமானவர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரசவமான நீ ஒரு கட்டிலில் கிடப்பாய், குழந்தை ஆபரேஷன் அறைக்குள் இருக்கும், அந்த மனிதர் எந்தப் பக்கம் ஓடுவார்? உன் அம்மாவை உள்ளே வைத்திருந்தபோது நான் ஐசியூ வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. போய் முகம் கழுவிட்டு வாங்க, நான் இருக்கேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்கள் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஸ்கூலிலும் லீவு சொல்லிவிட்டேன், வண்டியை மெக்கானிக் தம்பி ஓட்டுவான்.

நீயும் மாப்பிள்ளையும் வரப்போகிற செல்வமும் நீண்ட ஆயுளோடு ஒருவர் கையை ஒருவர் விடாமல் நன்றாக இருங்கள், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்திதான். சத்து மாத்திரையை மறந்துவிடாதே, சாப்பிட்டதும் உடனே படுக்காதே. எனக்குச் சமைக்க வேண்டாம், பேச்சுத் துணை வேண்டாம், ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம். அந்தப் பெஞ்சில் ஒரு ஓரம் கொடு, போதும்.

இப்படிக்கு,
புறப்படத் தயாராக இருக்கும்
உன் அப்பா