குதிரையின் இடக்கண்

இன்று மரக்காணத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் என்னை முதலில் தொட்டது மேல்காற்றுதான். நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும் வறண்ட காற்று. அது கன்னத்தில் பட்டதும் உன் குரல் கேட்டது. இறந்துபோனவர்களின் குரல் கேட்கும் என்று நான் நம்புவதில்லை, நீயும் நம்பியதில்லை. ஆனாலும் கேட்டது என்றே எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

உன் அண்ணன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். வீட்டை ஒழிக்கும்போது எனக்கென்று நீ வைத்த நோட்டு ஒன்று கிடைத்ததாகப் போன வாரம் போனில் சொன்னவர் அவர்தான்.

"என்னா மேடம், ஒரு குடை கூட எடுத்தாரல? இந்த வெயில்ல அளத்துக்கு வந்தா கருவாடா ஆயிடுவீங்க."

வீட்டுக்குப் போகாமல் நேரே உப்பளத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். வழி நெடுகக் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். நீர் தேக்கிய பாத்திகளில் வானம் அசையாமல் கிடந்தது. வரப்பில் நடக்கும்போது மேலே ஒரு வானமும் கீழே ஒரு வானமும் இருந்தன. நடுவில் எனக்கு எடையே இல்லாததுபோல் இருந்தது.

நாம் படித்த அந்த நீளமான ஆய்வுக்கூடமும் இப்படித்தான் இருக்கும், நினைவிருக்கிறதா? வரிசையாகத் தொட்டிகள், அவற்றில் அசையாத தண்ணீர், அதற்கடியில் தூங்கும் பழம்பொருட்கள். கலைப்பொருட்களைக் காக்கும் படிப்புக்கு அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் நமக்குக் கிடைத்த முதல் பாடம். உனக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தது அந்தச் சுடுமண் குதிரைத் தலை. ஏதோ ஒரு குப்பத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மணலில் கிடைத்தது. எத்தனையோ காலம் கடலோர மண்ணில் கிடந்ததால் உள்ளெல்லாம் உப்பு. வண்ணமெல்லாம் போய், இடக்கண்ணில் மட்டும் ஒரு சிவப்புக் கோடும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் மிஞ்சியிருந்தன. குதிரை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள், அத்தோடு அது உயிர் பெற்றுவிடும் என்று நீ சொன்னாய். ஆதாரம் என்ன என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் உனக்கு ரசீது வேணும்டி" என்று சிரித்தாய்.

அந்தக் கண்ணுக்கு மெல்லிய பசைப்பூச்சு கொடுத்து, காய்ச்சி வடித்த நீரில் குதிரையை ஊறவைத்தோம். வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்ப்போம். உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். "எங்கண்ணன் கடல்லேர்ந்து உப்பு எடுக்குறான், நான் குதிரைலேர்ந்து எடுக்குறேன். அவன் எடுத்தா மூட்டை, நான் எடுத்தா மார்க்கு" என்பாய்.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. சொட்டு விட்ட தண்ணீர் லேசாக மங்கியது, அவ்வளவுதான். போதும், வெளியே எடுத்து உலர்த்தலாம் என்றேன். நீ ஜன்னல் பக்கம் போய் முகத்தை நீட்டி நின்றாய்.

"இன்னிக்கு வேணாம்டி. மேக்காத்து அடிக்குது. இப்ப வெளிய எடுத்தா உள்ள மிச்சமிருக்குற உப்பெல்லாம் மேல வந்து பூத்துரும். ஈரத்துணி சுத்தி வெச்சு மெதுவா காய வெப்போம்."

"இது லேப். உங்க அளம் இல்ல."

இதை நான் சிரிக்காமல் சொன்னேன். குதிரையை எடுத்து மின்விசிறியின் கீழ் வைத்தவள் நான்தான்.

மூன்றாம் நாள் காலை குதிரையின் முகமெங்கும் வெள்ளை மயிர் முளைத்ததுபோல் உப்பு பூத்திருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. தொட்டதும் இடக்கண் செதில் செதிலாக உதிர்ந்து மேசையில் விழுந்தது. கைக்குக் கிடைத்த தூரிகையால் செதில்களை ஒரு பக்கம் ஒதுக்கினேன். மேற்பயிற்சிக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருந்த மாதம் அது. பதிவு அட்டையில் பொருளின் நிலை என்ற கட்டத்தை அதுவரை நாம் நிரப்பியிருக்கவில்லை. நான் எடுத்த புகைப்படங்களும் இருட்டடித்துப் போயிருந்தன. "வந்து சேரும்போதே கண்ணில் வண்ணம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அட்டையை உன் பக்கம் தள்ளினேன்.

நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கையெழுத்துப் போட்டாய்.

அந்த விடுமுறையில்தான் முதல்முறையாக என்னை இங்கே அழைத்து வந்தாய். இதே வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏற ஏறப் பாத்தியின் மேல் பாலேடு மாதிரி மெல்லிய உப்பு படர்ந்து, கனம் தாங்காமல் ஓசையில்லாமல் அடியில் இறங்குவதைக் காட்டினாய். அதைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த அட்டைய மாத்திடுறியா?" என்று கேட்டாய்.

"பாக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீ எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் வேலைக்குப் போனாய். நான் மேற்பயிற்சி முடித்து அதே துறைக்கு ஆசிரியையாகத் திரும்பினேன். எதையும் நம்பாதீர்கள், எழுதி வைத்த அட்டையைக்கூடச் சந்தேகப்படுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் கையோடு அந்தக் குதிரையையும் எடுத்துக் காட்டுகிறேன். "இதற்குக் கண் எழுதவே இல்லையா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். அட்டையில் இருப்பதைப் படித்துக் காட்டுவேன். நீ போன் செய்யும்போதெல்லாம் எல்லாவற்றையும் விசாரிப்பாய், அதை மட்டும் கேட்கமாட்டாய். நீ மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு அதை நம்புவது மட்டும் சுலபமாக இருந்தது.

இன்று அதே வரப்பில், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வந்த அந்த நோட்டை உன் அண்ணன் என் கையில் வைத்தார். மாணவியாக இருந்தபோது நீ எழுதிய நோட்டு. நடுப்பக்கத்தில் குதிரையின் இடக்கண்ணைப் பென்சிலால் வரைந்து, கோடு சிவப்பு, புள்ளி கறுப்பு என்று பக்கத்தில் குறித்திருந்தாய். தேதி, நாம் அதைத் தண்ணீரில் இறக்குவதற்கு முந்தைய நாள். அந்தப் பக்கத்தில் பட்டர் பேப்பரை நான்காக மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று ஒட்டியிருந்தது.

"திருநீறுன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "எந்தக் கோயிலுதுன்னு தெரியாம எப்டி வெச்சிக்கிறது? அதான் பிரிக்கல."

காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி, துப்பட்டாவைச் சுற்றிலும் மறைத்துக்கொண்டு ஓர் ஓரத்தை மட்டும் பிரித்தேன். சிவப்பும் கறுப்புமாகச் செதில்கள். நான் ஒதுக்கித் தள்ளியவற்றில் ஒன்றுகூட விடாமல் நீ பொறுக்கி வைத்திருந்தாய்.

"என்னா மேடம் அது?"

"ஒரு குதிரையோட கண்ணு, அண்ணா."

"பாப்பா வெச்சிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.

உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டலாம். அதற்கான பசை இருக்கிறது, பொறுமையும் எனக்கு உண்டு. ஆனால் அட்டைப்படி வரும்போதே இல்லாத கண்ணுக்கு எந்தச் செதிலை ஒட்டுவது? முதலில் அட்டையைத் திருத்த வேண்டும். "கண் இருந்தது. அவசரப்பட்டு உலர்த்தியதில் உதிர்ந்தது. உலர்த்தியவள் நான்" என்று என் கையால் எழுதி, கீழே என் பெயரை மட்டும் போட வேண்டும். உனக்கு அது தெரிந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்தப் படத்தை யாரிடமும் காட்டாமல், நான் எழுதுவேன் என்று காத்திருந்தாய். நாளை எழுதுகிறேன். எழுதியதை மாணவர்கள் முன்னால் படிக்கிறேன். நீ இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

திரும்பும் பேருந்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் பை, பைக்குள் நோட்டு, நோட்டுக்குள் கண். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு என்னை முறைத்தார்.

"ஏம்மா, இந்தப் புழுக்கத்துல ஜன்னல சாத்திக்கினு வர்றியே, தொறயேன்."

"மேக்காத்து அடிக்குதும்மா" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்குங்க."