வரி நோட்டில் இல்லாத பெயர்

3 மார்ச் 2005, வியாழன்

புதுப்பட்டினம் தாண்டி உள்ள குப்பத்தில் தற்காலிக ஷெட்களின் கணக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது. மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஊர்த் தலைவர், நாட்டார் கங்காதரன், ஊர் வரி நோட்டைக் கொடுத்துவிட்டார். வரி கட்டும் கல்யாணமான ஆண்கள் ஒருவர் விடாமல் அதில் இருக்கிறார்கள். அப்படியே இறக்கிக்கொண்டேன். நூற்றுப்பன்னிரண்டு குடும்பம். சுனாமியில் வீடு போனவர்களுக்கு இந்தப் பட்டியல்படிதான் புது வீடு. அந்தத் தார் ஷீட்டுக்கு அடியில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை, மண்டை பிளக்கிறது. கெட்டிக்காரி கல்யாணி, வெயில் இறங்குவதற்குள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாய்.

9 மார்ச்

மறு சரிபார்ப்பு. 41ஆம் ஷெட்டில் கையெழுத்து வாங்கும்போது வேண்டா கேட்டாள்: "எங்க அண்ணி ஆதியம்மா பேரு இருக்குதா மேடம்?"

இல்லை.

ஆதியம்மாளின் புருஷன் மூன்று வருஷம் முன்பே கடலில் போய்விட்டான். ஆள் போனதும் நோட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். பெண்களுக்கு வரி கிடையாது, அதனால் பெயரும் கிடையாது. ஆனால் அவளுக்கு வீடு இருந்தது. அதையும்தான் அலை கொண்டுபோனது. மகள் தேவிப்பிரியாவோடு வேண்டா ஷெட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள், ஐந்தாறு நாள் முன்னால் ஊரப்பாக்கம் பக்கம் வேலை தேடிப் போய்விட்டாளாம். விலாசம் தெரியாது.

பட்டியல் 21ஆம் தேதி மூடுகிறது.

10 மார்ச்

செங்கல்பட்டு ஆபீஸில் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அதிகாரி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆள் நேர்ல வரணும். வீடு இருந்ததுன்னு ஊர்லேருந்து கடிதம் வேணும். இருபத்தொண்ணு சாயந்திரம் அஞ்சு மணி. அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாதும்மா."

13 மார்ச்

ஊரப்பாக்கம். ஸ்டேஷன், பால் பூத், கட்டிட வேலை நடக்கும் இடங்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள். யாருக்கும் தெரியவில்லை.

15 மார்ச்

இன்றும் இல்லை. "அவ கிடைக்கலைன்னா என்ன பண்ணுவே?" என்று வீட்டுக்காரர் பாலா கேட்டார். எரிந்து விழுந்தேன். பாவம், மனுஷன் ஷிப்ட் முடிந்து வந்து அவரே சமைத்துச் சாப்பிட்டார். ஆனால் கேள்வி சரிதான். என்ன பண்ணுவேன்?

18 மார்ச்

கிடைத்துவிட்டாள்!

ஸ்டேஷன் பக்கத்து மீன் கடையில் புதிதாக ஒரு பெண், கத்தி பிடித்தால் கை பறக்கிறது என்று ஒரு வாட்ச்மேன் சொன்னார். ஓடினேன். பேரைக் கேட்டேன், அவளேதான். பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் மகள் தேவிப்பிரியா. நான் சொல்லி முடிக்கும்வரை ஆதியம்மாள் தலை நிமிரவில்லை. பிறகு,

"நீ எழுதறப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஆம்பள பேரு போதும், நீ நகரும்மான்னு சொன்ன. அன்னிக்கே கெளம்பிட்டேன்."

சத்தியமாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அந்த வெக்கையில், வேலை முடிந்தால் போதும் என்று — சொல்லியிருப்பேன். சீ. பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது.

வருகிறேன் என்றாள். "உன்ன நம்பி இல்ல. பொண்ணுக்கோசரம்."

19 மார்ச்

நாட்டார் கடிதம் தர மாட்டேன் என்கிறார். "வரிக்காரங்களுக்குத்தான் ஊரு பேசும். இதுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நான் ஒருத்தன் முடிவு பண்றது இல்ல மேடம்." கெட்ட மனுஷன் இல்லை, பயப்படுகிறார். இன்னும் இரண்டு நாள்!

20 மார்ச், ஞாயிறு

ஊர்க்கூட்டம். பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. நான் வலைக் குவியல் பக்கம் நின்றேன். ஆதியம்மாள் நேரே நடுவில் போய் நின்றாள்.

"என் பேர்ல வரி போடு மாமா. கட்றேன்."

"பொம்பள கிட்ட வரி வாங்குற பழக்கம் நம்ம ஊர்ல இல்லயேம்மா" என்றார் கங்காதரன்.

"கடலு வூட்டுக்குள்ள வர்ற பழக்கம் இருந்துச்சா?"

ஒரு முடிவும் இல்லாமல் எழுந்து போய்விட்டார்கள்.

21 மார்ச்

காலையில் நாலு போட் கரைக்கு வந்தன. மீன் எடுக்க ஒரு பெண்ணும் வரவில்லை. "ஆதிக்கு எழுதிக் குடுங்க. அப்பால கூடைய தொடறோம்" என்று வேண்டா சொல்லிவிட்டாளாம். வெயில் ஏற ஏற மீன் மணலில் கிடந்தது. ஆண்கள் கத்தினார்கள், ஒருவன் கூடையை எட்டி உதைத்தான். பெண்கள் ஷெட் வாசலில் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மணிக்குக் கங்காதரன் கடிதத்தை நீட்டினார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆதியம்மாளோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன், வழியில் பஸ் நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். ஆபீஸ் படி ஏறும்போது ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கைரேகை, போட்டோ, கடிதம். வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டார்கள்!

31 மார்ச்

என் கணக்கெடுப்பு கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்க எனக்கு முகம் இல்லை.

17 ஜூலை

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று வேண்டா போன் பண்ணினாள். சும்மா பார்க்கப் போனேன். ஆதியம்மாள் பெயர் கடைசியில் இருக்கிறது, 113.

பேசிக்கொண்டிருக்கும்போது கங்காதரன் ஆடித் திருவிழா வரிக்கு ஷெட் ஷெட்டாக வந்தார். ஆதியம்மாள் இருந்த ஷெட் வாசலில் கொஞ்சம் தயங்கினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வரியைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"இன்னான்னு எழுதறது? இன்னார் சம்சாரம்னு போடட்டா?"

"வேணாம் மாமா. ஆதியம்மாள்னு போடு. போதும்."

எழுதினார்.