ஸ்வெட்டருக்குள் வளையல்

ஏப்ரல் 21, 1996

நியூஜெர்சியிலிருந்து என் வீட்டுக்காரர் சந்துருவின் அக்கா வைஷாலி போன் செய்தார். பிரசவத்துக்கு அங்கே வந்துவிடச் சொல்கிறார். அங்கே பிறந்தால் குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமையாம்! இருபத்தொரு வயதானதும் எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாமாம். ஏய் குட்டி, உனக்கு வந்த வாழ்வைப் பாரேன்! மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். சீக்கிரம், சீக்கிரம்.

ஏப்ரல் 24

பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் நிற்கிறேன்.

மே 3

அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று மூக்கைச் சிந்தினாள். "அமெரிக்காவோ எதுவோ, ஏழாம் மாசம் வளையல் போடாம அனுப்ப மாட்டேன்." இங்கே மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் அள்ளிக்கொண்டு வந்து, இன்று வளைகாப்பை முடித்தேவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிரசவம் வரை கழற்றக் கூடாது. அழகாத்தான் இருக்கு! ஆனால் புதன்கிழமை மெட்ராஸில் விசா இன்டர்வியூ. "கர்ப்பம்னு மூச்சு விடாதீங்க, சுத்திப் பாக்க வர்றோம்னு சொல்லுங்க" என்பது வைஷாலி அக்காவின் உத்தரவு.

மே 7

சந்துருவின் யோசனை: தொளதொள ஸ்வெட்டர் போட்டால் வயிறும் தெரியாது, வளையலும் தெரியாது. மே மாத மெட்ராஸில் ஸ்வெட்டர்! ரயிலில் ஏறினதிலிருந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

மே 8

போச்சு. எல்லாம் போச்சு.

சத்தம் வராமலிருக்க வளையல்மேல் கைக்குட்டை கட்டியிருந்தேன். பாஸ்போர்ட்டை நீட்டும்போது அது நழுவி, கலகலவென்று ஒரே சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழம்மா. அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "வளைகாப்பு ஆச்சா? எத்தனை மாசம்மா?" என்றார்.

"ஏழு முடியப்போகுதுங்க!"

சந்துரு என் காலை மிதித்தார். அதற்குள் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டை மூடித் திருப்பித் தள்ளினார். விசா கிடையாது.

சந்துரு ஒரு வார்த்தை திட்டலை. அதான் தாங்க முடியலை. நானே என்னைத் திட்டிக்கிறேன்: ஏன்டி லீலா உளறினே? பொறக்கறதுக்கு முந்தியே புள்ளைக்குக் கெடச்சத தட்டி விட்டுட்டியே —

மே 19

அமெரிக்கப் பெட்டியில் அம்மா பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து அடுக்குகிறாள், குழந்தைக்கு. உள்ளுக்குள்ளே அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஜூலை 14

பெண்! வெள்ளிக்கிழமை பிறந்தாள். மூக்கு அச்சு அசல் சந்துரு. என் விரலைப் பிடித்தால் விடுவதே இல்லை. இவளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பசியே மறந்துபோகிறது. வளையல்களை வழக்கப்படி பிரசவம் பார்த்த நர்ஸிடம் கொடுத்தாயிற்று.

வைஷாலி அக்கா போனில், "பரவால்ல, அடுத்தத இங்க பெத்துக்கலாம்" என்றாராம்.

"அப்போ விசா வாங்கினதுக்கப்புறம் வளைகாப்பு வைம்மா" என்றேன்.

"ரெண்டாவதுக்கு வளைகாப்பே கிடையாதுடி" என்றாள் அம்மா.

சந்துரு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் மறுபடி நியூஜெர்சி! எனக்குத் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பு. பாவம் மனுஷர். வளையல் இல்லாவிட்டால் என்ன? யாராவது சிரித்த முகமாக எத்தனை மாசம் என்று கேட்டால், நான் சொல்லிவிடுவேனே.