ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீர்

30-3-84, வெள்ளி
காப்பி பூத்துவிட்டது. தோட்டம் முழுக்க வெள்ளை. திங்கட்கிழமை முதலாளி வருகிறார். மாவுப்பூச்சி மருந்தை மாசியிலேயே அடித்திருக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவன் நான். மருந்து டின் திறக்காமல் கிடப்பதை அவர் பார்த்தால் என்ன ஆகும்? கீழ்க்காட்டில் அடிக்கச் சொன்னேன். மருந்து அடிக்கும் மாதையன் தயங்கினான். “பூ உட்டிருக்கறப்ப ஆளே எறங்கக் கூடாதும்பாங்க. மருந்து அடிக்கலாமுங்களா?” இந்தத் தோட்டத்துக்கு ரைட்டர் நீயா நானா என்று கேட்டேன். பம்பைத் தூக்கிக்கொண்டு போனான்.

31-3-84
கீழ்க்காட்டுப் பாதையெல்லாம் தேனீ செத்துக் கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் அள்ளிவிடலாம் என்று விளக்குமாறோடு போனேன். சிலதுக்கு இன்னும் கால் அசைந்துகொண்டிருந்தது. அதைக் கூட்டித் தள்ளக் கை வரவில்லை. வீட்டுக்கு ஓடி சர்க்கரையைக் கரைத்து எடுத்துவந்து கரண்டியால் ஒவ்வொன்றின் வாயருகே வைத்தேன். அப்போதுதான் செம்மநத்தம் கிருஷ்ணம்மாள் அந்த வழியாக வந்தார். வீட்டுச் சுவரில் பானை பதித்துத் தேனீ வளர்ப்பவர்.

“களைச்சு உளுந்து கெடக்குதாட்ட இருக்குது. இதையும் ஒரு உசுருன்னு நெனைக்கறியே கண்ணு. நீ நல்லா இருக்கோணும்.”

ஆமாம், களைப்புதான் என்று நானும் சொன்னேன்.

2-4-84
முதலாளி வந்தார், பார்த்தார், திருப்தி என்று போய்விட்டார். அரை மணி நேரம். இதற்காகவா?

வெள்ளக்கடை ஊருக்குள் இருக்கும் டீக்கடையில், தேனீக்குப் பாலூட்டும் ரைட்டர் வந்துவிட்டார் என்று கேலி. கேலியில் மரியாதையும் இருந்தது. அதனால்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

3-4-84
சர்க்கரைத் தண்ணீர் குடித்ததில் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

5-4-84
கிருஷ்ணம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பானையில் மூன்றில் சத்தம் இல்லை. நாலாவதிலும் ஏதோ பேருக்கு. பானையில் காதை வைத்துக்கொண்டே பேசினார். வருஷா வருஷம் முதல் தேனை சேர்வராயன் சாமிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். போன வருஷம் மகள் வள்ளி பிரசவத்துக்கு வந்திருந்தாள், அவளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

“படிச்ச புள்ள நீ சொல்லு கண்ணு. சாமி குத்தமா இருக்குமா?”

“இருக்கலாமுங்க” என்றேன்.

ஏன் சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

11-4-84
மாதையன் சொன்னான். அம்மாவுக்கும் அவரைப் பார்க்க வந்திருந்த மகளுக்கும் பெரிய சண்டையாம். சாமி தேனைத் தின்றவள் என்று கிருஷ்ணம்மாள் சொல்லிவிட்டாராம். இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று வள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெள்ளக்கடைக்கு, புருஷன் வீட்டுக்கே போய்விட்டாளாம். சொல்லிவிட்டு மாதையன் என்னையே பார்த்தான். அவனுக்குத் தெரியும். எனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

12-4-84
ஏன்டா, நீயெல்லாம் ஒரு மனுசனாடா? மருந்து அடிச்சவன் நீ. பழி கைக்கொழந்தக்காரி மேலயா? அதுக்கு சாமிய வேற இழுத்து —

14-4-84
போய்ச் சொல்லிவிட்டேன். மருந்து அடிச்சது நான், சாமி குத்தம் எதுவும் இல்லை என்று. கிருஷ்ணம்மாள் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அன்னிக்குக் கரண்டியோட குத்த வெச்சிருந்தீங்களே, அப்பவே தெரியுமுங்களா?”

தெரியும் என்றேன்.

“எம்மவகிட்ட வந்து சொல்லுங்க.”

நீ என்றவர் நீங்க என்கிறார். “கண்ணு” என்ற சொல்லும் போய்விட்டது.

ஒரே பஸ்ஸில்தான் போனோம். இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. வள்ளி வாசலில், அவள் மாமியார் முன்னால், எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை ஆட்களும் வந்து நின்று கேட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை. வள்ளி குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். நான் நடந்தே மலையேறினேன்.

26-3-85
பூத்துவிட்டது. இந்த வருஷம் மருந்தை மாசியிலேயே அடித்து முடித்தேன். அதைச் செம்மநத்தத்துக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். இருந்தாலும் கிருஷ்ணம்மாள் விடிந்ததும் வந்து, மருந்து ஷெட் எதிரே உட்கார்ந்துவிட்டார். என் பேச்சை எப்படி நம்புவார்? நியாயம்தான்.

மத்தியானம் பாதையில் ஒரு தேனீ. இறக்கை விரிந்து, அசையாமல். ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரும் கரண்டியும் எடுத்துவந்தேன்; கிருஷ்ணம்மாளும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“மருந்துங்களா, களைப்புங்களா?”

“களைப்புதானுங்க.”

கரண்டியை என்னிடமிருந்து வாங்கி அவரே வைத்தார். குனிந்தபடியே இருந்தார். நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது குடித்தது, முகத்தைத் துடைத்தது, எழுந்து பறந்துவிட்டது.

கரண்டியைத் திருப்பிக் கொடுத்து, “நாளைக்கும் வருவேனுங்க” என்றார்.

ஷெட் சாவியை நீட்டினேன். பூ உதிரும்வரை அவரிடமே இருக்கட்டும் என்றேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.