வியாரா சொன்னால் கேட்பான்

செப்டம்பர் 9, திங்கள்

குடைமிளகாய் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். ரயில் யார்டிலிருந்து வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரன் நெடெல்ச்சோ, “தொன்கா, இன்னிக்கு வியாரா என்ன சொன்னா தெரியுமா?” என்றான். வியாரா, யார்டுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்திருக்கிறவள். பெட்டிகள் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவில் புகுந்து, அவற்றை இணைக்கும் கொக்கியை மாட்ட வேண்டுமாம். அடப்பாவி! கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியது இதைத்தானே? “நீ சூப்பைக் கிண்டுடி” என்பான். இப்போது அவள் வாயால் வந்தால் வேதம்.

செப்டம்பர் 12

ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்தேன். அழகி இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. அழகியாக இருந்தால் காரணமாவது புரிந்திருக்கும்.

செப்டம்பர் 17

வியாரா, வியாரா, வியாரா. சூப்பில் வேண்டுமென்றே உப்பு போடவில்லை. கவனிக்கவேயில்லை.

செப்டம்பர் 20

சக்கரத்தின் தடுப்புக்கட்டை நழுவி, நின்றிருந்த பெட்டி உருண்டுபோய் அடுத்த பெட்டியில் மோதியிருக்கிறது. நடுவில் புகப்போன நெடெல்ச்சோ, பெட்டி லேசாக அசைவதைப் பார்த்து வெளியே நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ராக்கியா சாராயத்தை ஊற்றிக்கொண்டு நடந்ததைச் சொன்னான். கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறமும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அந்த நேரத்துல யார நெனச்சே?”

“வியாரா கத்துற மாதிரியே இருந்துச்சு.”

உயிரோட வந்திருக்கான். இன்னும் என்னடி வேணும் உனக்கு? — என் குரல் கேட்டிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 23

ஒரு ஜாடி மிளகாய் ஊறுகாயோடு வியாராவிடம் போனேன். நன்றி சொல்லத்தான். வாய் வரவில்லை. “சிகரெட்டையும் விடச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்” என்றேன்.

சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. “என் வீட்டுக்காரர் மெத்தோடி ரயில் மின்கம்பத்துல ஏறுறவரு. இடுப்புல பெல்ட் மாட்டவே மாட்டாரு. ஊருக்கெல்லாம் சொல்றேன், வீட்ல என் பேச்சு எடுபடல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

செப்டம்பர் 29, ஞாயிறு

போனேன். வியாரா வீட்டில் சாப்பிடும்போது நெடெல்ச்சோ தப்பித்த கதையைச் சொன்னேன். “அன்னிக்கு அவன் வராமப் போயிருந்தா நான் இந்நேரம் துக்கத்துக்குக் கறுப்புத் துணி போட்டுக்கிட்டு இருப்பேங்க” என்றேன். மெத்தோடி முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“சரிங்க. நாளைலேர்ந்து மாட்டிக்கிறேன்.”

ஒரே வார்த்தையில்!

வியாரா தட்டுகளை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.