பின்னலை வெட்டிய கத்தரிக்கோல்

இன்று காலை பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது நீ நினைவில் வந்துவிட்டாய். கையில் இருந்தது அந்தப் பழைய கத்தரிக்கோல், கையில் சுற்றும் துணியை வெட்ட நாம் வைத்திருந்த முனை மழுங்கல். காபி ஆறினால் ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெண்களுக்குக் குத்துச்சண்டையா என்று நாம் இருந்த தில்லியே சிரித்த காலம். ஒரே எடைப்பிரிவில் நாம் இரண்டு பேர். தேர்வில் என்னை வீழ்த்தி அணியில் இடம் பிடித்தாய். நான் மாற்று ஆள். உன் எடை தவறினால்தான் எனக்கு வாய்ப்பு. ஒன்றாக ஓடினோம், ஒன்றாகப் பட்டினி கிடந்தோம். உனக்கு ஜலதோஷமாவது பிடிக்காதா என்று நான் நினைக்காமல் இல்லை.

போட்டியன்று காலை உன் எடை நூற்றைம்பது கிராம் கூடுதல். குறைக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாய். எலுமிச்சையைச் சப்பிச் சப்பித் துப்பினாய். இருந்தும் பாதிதான் குறைந்தது. அணி மேனேஜர் என்னைத் தயாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

முந்தின நாள்தான் உன் அம்மா உன் தலையில் அரை பாட்டில் தேங்காயெண்ணெயைக் கவிழ்த்திருந்தார். உன் பதக்கங்களைவிட அந்த நீளப் பின்னலில்தான் அவருக்குப் பெருமை. குளியலறையில் நீ அதைத் தூக்கி என் கையில் கொடுத்தாய். கத்தரிக்கோலைத் திறந்தேன். கை நின்றுவிட்டது.

"ஏட்டி, என்ன யோசிக்க? வெட்டு."

வெட்டினேன். எடை தேறிவிட்டது.

சாயங்காலம் அம்மா நேரே அரங்குக்கு வந்தார். எதிராளியின் தலைக்கவசத்துக்குக் கீழே ஒரு பின்னல் தொங்கியது. அவள்தான் நீ என்று நினைக்க அது போதும் அவருக்கு. முதல் சுற்று முழுக்க அந்தப் பெண்ணுக்கே கை தட்டினார். இடதுகையைக் காட்டி வலதுகையால் நீ அவளைச் சாய்த்தபோது, "அடிப்பாவி" என்று உன்னைத் திட்டினார். உண்மை தெரிந்ததும் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ சாம்பியனான அன்று எலுமிச்சை சாதத்தோடு வந்து நின்றார்.

பிறகு உனக்கு அரசு வேலை, பகலில் ஃபைல், மாலையில் கிளவுஸ், இன்னும் இரண்டு பட்டங்கள். நிருபர்கள் வந்தால் என்னையும் இழுத்து முன்னால் நிறுத்துவாய். என் முடிமேல் இவளுக்கு அவ்வளவு பாசம், வெட்டக் கையே வரவில்லை என்பாய். நானும் சிரித்துவைப்பேன்.

போன குளிர்காலத்தில் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உண்மையைச் சொல்லிவிட்டேன். கை நின்றது பாசத்தால் இல்லை. வெட்டாவிட்டால் நான் மேடையேறலாம் என்றுதான். நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு அப்பமே தெரியும்ட்டி. ஒன் எடத்துல நான் இருந்தேன்னா கத்திரிய சன்னல் வழியா எறிஞ்சிருப்பேன்."

எத்தனையோ பேரை ஏமாற்றுக் குத்தில் சாய்த்தவள் நீ. அன்று நான் ஏமாறவில்லை. நீ எறிந்திருக்க மாட்டாய். நீயும் வெட்டியிருப்பாய், என்னைவிடச் சீக்கிரமாக.